குண்டை ஆழமாகப் பதித்தால் வேகம் கூடுமா, குறையுமா?

தோட்டா தயாரிக்கும்போது குண்டைக் கேஸுக்குள் (மருந்தையும் குண்டையும் தாங்கும் பித்தளைக் கூடு) இன்னும் ஆழமாக இறக்கினால் சுடும் வேகம் என்னவாகும்? டெல்லி துக்ளகாபாத் சுடும் ரேஞ்சில் ஒருவர் கூடும் என்கிறார், இன்னொருவர் குறையும் என்கிறார், யாரை நம்புவது என்று கேட்டிருக்கிறீர்கள். இருவர் சொல்வதிலும் பாதிப் பாதி சரி.

கூடும் என்பவர் கேஸின் உள்ளிடத்தை மட்டும் பார்க்கிறார். .308 வின்செஸ்டர் என்ற ரைபிள் தோட்டாவை எடுத்துக்கொள்ளுங்கள். குண்டின் விட்டம் 7.82 மி.மீ.; அப்படியானால் குறுக்குப் பரப்பு 48 சதுர மி.மீ. குண்டு 1 மி.மீ. கீழே இறங்கினால் 0.048 மி.லி. இடம் போய்விடும். காலிக் கேஸில் விளிம்புவரை சுமார் 3.6 மி.லி. தண்ணீர் பிடிக்கும். அதில் அரை மி.லி. அளவுக்குக் குண்டின் அடிப்பகுதியே அடைத்துக்கொள்கிறது. மிச்சத்தில் அந்த 1 மி.மீ. என்பது ஒன்றரை சதவீதம். அதே வெடிமருந்து குறுகிய இடத்தில் எரிவதால் அழுத்தம் ஏறும், கூடவே வேகமும் துளி ஏறும்.

குறையும் என்பவர் பேரலை, அதாவது துப்பாக்கிக் குழலைப் பார்க்கிறார். குண்டைச் சுழலவைக்கக் குழலுக்குள் வெட்டிய ரைபிளிங் வரிகளைக் குண்டு முட்டிக்கொண்டு நின்றால், நகரும் முதல் கணத்திலேயே வரிக்குள் செதுங்கி நுழைந்தாக வேண்டும். அழுத்தம் சட்டென்று எகிறும். கொஞ்சம் பின்வாங்கி நின்றால் ஓடிவந்து நுழையும், உச்ச அழுத்தம் தணியும், கூடவே வேகமும் சற்றுக் குறையும். ஆக, வரியைத் தொடும் நிலையிலிருந்து உள்ளே இறக்க இறக்க முதலில் அழுத்தம் குறையும். ஒரு கட்டத்துக்குப் பிறகு இடம் சுருங்குவது மேலோங்கி மறுபடி ஏறும். எந்தப் பக்கத்தில் நிற்கிறோம் என்பதைப் பொறுத்துத்தான் பதில்.

அளவில் பார்த்தால் இது சின்ன சமாச்சாரம். 800 மீ/வி வேகத்தில் ஓடும் குண்டுக்கு 1 மி.மீ. தரும் வித்தியாசம் வினாடிக்குச் சில மீட்டர்தான். ஒரே பெட்டித் தோட்டாக்களே ஒன்றுக்கொன்று அவ்வளவு மாறும். ஐந்து ரவுண்டு சுட்டுக் குரோனோகிராஃபை (குண்டின் வேகம் அளக்கும் கருவி) பார்த்து முடிவு சொல்பவரை நம்பாதீர்கள். ஜனவரிக் குளிருக்கும் மே வெயிலுக்கும் இடையே சில மருந்துகள் காட்டும் மாற்றம் இதைவிடப் பெரிது. பதிப்பு ஆழம் உண்மையில் வேலை காட்டுவது குரூப்பிங்கில், அதாவது குண்டுகள் இலக்கில் எவ்வளவு நெருக்கமாக விழுகின்றன என்பதில்.

கேஸை மாற்றினாலும் கணக்கு மாறும். ராணுவ வகைக் கேஸின் சுவர் தடிமன், உள்ளிடம் 0.13 மி.லி. குறைந்தாலே, குண்டை இரண்டரை மி.மீ.க்கு மேல் இறக்கியதற்குச் சமம். அளப்பது சுலபம்: சுட்ட கேஸில் பழைய பிரைமரை (மருந்தைப் பற்றவைக்கும் அடிப்பக்கக் குப்பி) எடுக்காமல் எடை போடுங்கள், விளிம்புவரை தண்ணீர் விட்டு மறுபடி போடுங்கள். வித்தியாசம் எத்தனை கிராமோ அத்தனை மி.லி. உள்ளே ஒட்டிய காற்றுக்குமிழியைத் தட்டி வெளியேற்றாவிட்டால் அளவு குறைத்துக் காட்டும்.

பதிப்பு ஆழத்துக்குக் கேஸ் நீளத்தையும் குண்டு நீளத்தையும் கூட்டி, தோட்டாவின் முழு நீளத்தைக் கழிக்க வேண்டும். ஆனால் தோட்டாக்களை ஒன்றோடொன்று ஒப்பிடும்போது கேலிப்பரை நுனியில் வைக்காதீர்கள். மேட்ச் (போட்டிக்கான) குண்டுகளின் நுனி ஒரே சீராக இருப்பதில்லை. கேலிப்பரில் கம்பரேட்டர் என்ற துளையுள்ள துணைக்கருவியை மாட்டி, நுனிக்குக் கீழே குண்டின் வளைந்த தோளில் அளந்தால்தான் ஒப்பீடு நிற்கும்.

(தோட்டா தயாரிக்க ஆயுதச் சட்டம் 1959-இன்படி உரிமம் வேண்டும். விளிம்பில் அடித்துச் சுடும் .22 ரிம்ஃபயர் தோட்டாவில் இந்தப் பேச்சுக்கே இடமில்லை, ஆலையில் பதித்தது பதித்ததுதான்.)

பிஸ்டலில் மட்டும் இதைச் சின்ன விஷயம் என்று விடக்கூடாது. 9 மி.மீ. தோட்டாவின் மொத்தக் கொள்ளளவே 0.9 மி.லி.க்குள், அங்கே 1 மி.மீ. என்பது 0.064 மி.லி. அழுத்தம் ஆபத்தான அளவுக்கு எகிறலாம். ஒரே ரவுண்டைத் திரும்பத் திரும்பச் சேம்பரில் (குழலின் பின்புறத் தோட்டா அறை) ஏற்றி இறக்கினால் குண்டு தானாகவே உள்ளே தள்ளப்படும். அதே பெட்டியின் புதுத் தோட்டாவோடு நிறுத்திப் பாருங்கள். குட்டையாகத் தெரிந்தால் சுடாமல் தனியே எடுத்து வைத்துவிடுங்கள்.