இளையோர் நாவல்களில் பதின்பருவப் பாத்திரங்கள் ஏன் தட்டையாகத் தோன்றுகின்றன?

கூச்சம், தனிமை, பிடிவாதம் என்று இயல்புகளை அடுக்கும் ஆசிரியர்கள் பலர், காதலுக்கு வெளியே நாயகிக்கென்று ஒரு விருப்பத்தையோ கவலையையோ தருவதில்லை என்பதே முதன்மைக் காரணம் என்று கருதுகிறேன்.

2005-இல் வெளிவந்த ஸ்டெஃபனி மேயரின் ‘ட்விலைட்’ நாவலின் நாயகி பெல்லாவை எடுத்துக்கொள்வோம். தந்தைக்குச் சமைத்துப் போடுவதும் பழைய ஆங்கில நாவல்களைப் படிப்பதும் தொடக்கத்தில் அவளுக்கு ஓரளவு உருவம் தருகின்றன; காதலன் எட்வர்டு வந்தபின் அவை பின்னுக்குப் போய்விடுகின்றன. அடுத்த பாகத்தில் அவன் பிரிந்ததும், அக்டோபர் முதல் ஜனவரி வரையிலான மாதங்களின் பெயர்கள் மட்டுமே வெற்றுப் பக்கங்களில் அச்சாகியிருக்கும். துயரத்தைக் காட்டும் உத்தியாக அது நன்றாகவே பலிக்கிறது (மறுப்பதற்கில்லை). ஆயினும் அவனில்லாத பெல்லாவைப் பற்றி எழுத ஆசிரியருக்கே அதிகம் இல்லை என்பதையும் அது காட்டிக்கொடுத்துவிடுகிறது.

இதற்கு மாறாக, 2008-இல் வந்த சூசன் காலின்ஸின் ‘தி ஹங்கர் கேம்ஸ்’ நாவலின் தொடக்கப் பக்கங்களிலேயே, தங்கை கொண்டுவந்த பூனையை, சோறு போட இன்னொரு வயிறா என்று எண்ணி வாளித் தண்ணீரில் அமுக்கிக் கொல்ல முயன்றதையும், தங்கை அழுது கெஞ்சியதால் விட்டுவிட்டதையும் நாயகி காட்னிஸ் சொல்லிவிடுகிறாள். இப்போது வேட்டையில் கிடைத்ததை அறுக்கும்போது குடலை அந்தப் பூனைக்கே போடுகிறாள். வறுமையும் கடுமையும் தங்கைப் பாசமும் ஓர் அடைமொழிகூட இல்லாமல் நமக்குப் புரிந்துவிடுகின்றன.

ஆகவே விமர்சிக்கும்போது ‘பாத்திரம் தட்டை’ என்று எழுதி நிறுத்தாமல், காதலன் கண்ணில் படாத ஒரு நாளை அவள் எப்படிக் கழிப்பாள் என்பதற்கு நூலில் விடை உண்டா என்று தேடிப் பாருங்கள்.