தரகர் தரும் ஆர்விக்கு உங்கள் கார் இன்ஷூரன்ஸ் போதுமா?

கேள்வி: மினியாபொலிஸில் இருக்கிறோம். ஊரிலிருந்து அப்பா, அம்மா வந்திருக்கிறார்கள். ஆகஸ்ட் முதல் வாரம் குழந்தைகளோடு ஆறு பேரும் ஆர்வியில் (படுக்கை, சமையல் வசதியோடு வீடு போல இருக்கும் வண்டி) சவுத் டகோட்டாவில் உள்ள வால் ஊருக்குப் போக ஆசை. வாட்ஸ்அப் குழுவில் அறிமுகமான ஒருவர், தனக்குத் தெரிந்தவரின் ஆர்வியை வாரம் 900 டாலருக்கு முடித்துத் தருகிறாராம். "உங்கள் கார் இன்ஷூரன்ஸே போதும்" என்கிறார். நம்பலாமா?

பதில்: வேண்டாம். ஆர்வியின் சொந்தக்காரர் வைத்திருப்பது குடும்ப உபயோகத்துக்கான பாலிசி என்றால், வாடகைக்கு விட்ட நாட்களுக்கு அது பெரும்பாலும் செல்லாது. உங்கள் கார் பாலிசி, நீங்கள் இடித்த அடுத்தவர் வண்டிக்கு ஓரளவு கொடுக்கலாம். வாடகை ஆர்விக்கு ஆகும் சேதத்துக்குக் கொடுப்பது அரிது. கிரெடிட் கார்டோடு வரும் வாடகைக் கார் பாதுகாப்பிலும் ஆர்வியை வழக்கமாகவே விலக்கி வைத்திருப்பார்கள். ஏதாவது ஆனால் மொத்தமும் உங்கள் தலையில்தான் விழும்.

ஒரு விலக்கு உண்டு. அதைத்தான் தரகர்கள் பிடித்துக்கொள்கிறார்கள். நண்பர் ஒருவர் காசு வாங்காமல், "எடுத்துட்டுப் போங்க" என்று சாவியைக் கொடுத்தால், அவருடைய பாலிசி பொதுவாக உங்களுக்கும் செல்லும். காசு வாங்காமல் என்பதுதான் இதில் முக்கியம். டீசலோ பெட்ரோலோ, போகிற வழியில் நீங்களே போட்டுக்கொள்வது வேறு. 'அன்பளிப்பு', 'பராமரிப்புச் செலவு' என்று என்ன பெயர் வைத்தாலும், 900 டாலரை ஸெல் (Zelle) என்ற பணம் அனுப்பும் சேவையில் அனுப்பினால் அது வாடகை. விபத்துக்குப் பிறகு வரும் விசாரணை அதிகாரி முதலில் கேட்பதே "எவ்வளவு கொடுத்தீர்கள்?" என்றுதான். அப்போது பொய் சொன்னால் அது இன்ஷூரன்ஸ் மோசடி. ஆகவே இந்த விலக்கு உங்களுக்குப் பொருந்தாது.

இந்தத் தரகர்கள் இன்னொரு வேலையும் செய்கிறார்கள். ஆர்வி வாடகை இணையதளத்தில் இருக்கும் வண்டியைக் காட்டி, "தளம் வழியாகப் போனால் கமிஷன், வெளியே முடித்துக்கொள்வோம்" என்பார்கள். தளத்தில் பதிவு செய்தால்தான் அங்கே கிடைக்கும் இன்ஷூரன்ஸ் செல்லும். வெளியே வந்தால் அதுவும் போச்சு. ஸெல்லில் போன பணத்தைத் திரும்ப வாங்குவதும் குதிரைக்கொம்பு. வண்டியை நேரில் பார்க்காமல் முன்பணம் கொடுக்காதீர்கள்.

சரி, முறையாக எங்கேயாவது எடுத்தால் கவலை தீர்ந்ததா? இல்லை. இருபது வருடமாக இன்ஷூரன்ஸ் விற்கிறேன். நாற்பது பக்க ஒப்பந்தத்தைச் சாவி கொடுக்கும் நேரத்தில் நீட்டிக் கையெழுத்து வாங்கும் பழக்கம் இன்னும் ஒழியவில்லை. முந்தின நாளே மின்னஞ்சலில் கேளுங்கள். அதில் 'கூரை', 'அடிப்பாகம்' என்ற இரண்டையும் தேடுங்கள். இந்த இரண்டுக்கும் பாதுகாப்பு கிடையாது என்று பல ஒப்பந்தங்களில் இருக்கும். என்னிடம் வந்த ஒரு குடும்பம், வெயிலுக்கு ஒதுங்கலாம் என்று மோட்டல் வாசல் கூரைக்கு அடியில் வண்டியை விட்டது. மேலே இருந்த ஏசி பெட்டி பெயர்ந்து, கூரை கிழிந்தது. தனியாக எடுத்திருந்த இன்ஷூரன்ஸிலிருந்து ஒரு டாலர்கூட வரவில்லை. நடுத்தர ஆர்விகளே 11, 12 அடி உயரம் வரும். உயரத்தை ஒரு தாளில் எழுதி ஸ்டியரிங்குக்குப் பக்கத்தில் ஒட்டிவிடுங்கள். ஒப்பந்தத்தில் பெயர் இல்லாத யாரும் ஓட்டக்கூடாது, அப்பா ஆசைப்பட்டாலும்தான்.

'ஆறு பேர் தூங்கலாம்' என்றால் ஆறு சீட் பெல்ட் என்று அர்த்தமில்லை, எண்ணிப் பாருங்கள். சின்னக் குழந்தையின் கார் சீட்டைப் பக்கவாட்டில் பார்க்கும் இருக்கையில் மாட்டக்கூடாது.

வால் நல்ல தேர்வுதான். 1931-இல் ஒரு மருந்துக்கடையை வாங்கிய ஹஸ்டெட் தம்பதி, கூட்டம் வராமல் திண்டாடினார்கள். 1936-இல் மனைவி டோரதி சொன்ன யோசனைப்படி, 'இலவச ஐஸ் தண்ணீர்' என்று சாலையோரம் பலகை வைத்தார்கள். பிறகு கூட்டம் குறையவே இல்லை. இன்றைக்கும் 90-ஆம் நெடுஞ்சாலையில் மைல் கணக்கில் அந்தக் கடையின் பலகைகள்தான். 5 சென்டுக்குக் காபியும் உண்டு. பக்கத்திலேயே பேட்லேண்ட்ஸ் தேசியப் பூங்கா.

ஆனால் தேதியை மாற்றுங்கள். ஆகஸ்ட் தொடக்கத்தில் சுமார் 80 மைல் தள்ளியிருக்கும் ஸ்டர்ஜிஸில் மோட்டார்சைக்கிள் திருவிழா. அந்தப் பக்கம் முகாம் இடம் கிடைப்பது கஷ்டம், விலையும் ஏறும். அதே மாநிலத்தில் உள்ள கஸ்டர் பூங்காவின் நீடில்ஸ் சாலைக்கு ஆர்வியைக் கொண்டுபோகாதீர்கள். அங்கே ஒரு சுரங்கப்பாதையின் அகலமே சுமார் எட்டடிதான், வண்டி நுழையாது.

வண்டியை எடுக்கும் அன்று ஏணியில் ஏறி, கூரையை வீடியோ எடுத்து, அதை வண்டியை வாடகைக்கு விட்டவருக்கே மின்னஞ்சலில் அனுப்பிவிட்டுக் கிளம்புங்கள்.