சொல் ஐயம்: ‘பிளிம்ஸி’ என்றால் மெல்லியதா?

கேள்வி: ஆங்கிலப் பந்தி ஒன்றில் ‘பிளிம்ஸி எவிடன்ஸ்’ (flimsy evidence) என்று வந்தது. அகராதியில் ‘பிளிம்ஸி’க்கு ‘மெல்லிய’ என்று போட்டிருக்கிறது. ‘மெல்லிய சாட்சி’ என்று எழுதினால் பொருள் வரவில்லையே?
– சாதாரண தர மாணவி, ஒட்டுசுட்டான்

பதில்: அகராதி பாதியைத்தான் சொல்லியிருக்கிறது. மெல்லியது எல்லாம் பிளிம்ஸி ஆகாது. தாங்கவேண்டிய பாரத்தைத் தாங்காத அளவுக்கு நொய்ந்திருப்பதே பிளிம்ஸி. 2 கிலோ சீனியைப் போட்டதும் சொப்பிங் பையின் காது அறுந்தால் அந்தப் பை பிளிம்ஸி. அதே பொலித்தீன் பாணைச் சுற்றிவைக்கப் போதும். அங்கே அதை யாரும் பிளிம்ஸி என்னமாட்டார்கள். நெருக்கமாக வேய்ந்து இறுக்கிக் கட்டிய கிடுகுக் கூரையும் பிளிம்ஸி அல்ல. நாலு தடியை நட்டுத் தறப்பாளை இழுத்துக் கட்டி, சோளகம் எழும்பியதும் பறக்கிற கொட்டில்தான் பிளிம்ஸி.

இனி உங்கள் பந்தி. ஒரு முடிவும் பாரம்தான். ஆதாரம் அதைத் தாங்கும் கப்பு. ஆகவே ‘வலுவற்ற ஆதாரம்’ என்று எழுதுங்கள். ‘ஆதாரமே இல்லை’ என்றோ ‘பொய்ச்சாட்சி’ என்றோ எழுதினால் பிழை. ஆதாரம் இருக்கிறது, ஆனால் அந்த முடிவுக்கு அது காணாது. மாடு களவுபோன இரவில் ஒருவர் அந்த ஒழுங்கையால் போனார், ஆகவே அவர்தான் கள்ளன் என்பது பிளிம்ஸி எவிடன்ஸ். உங்கள் குறி சுட்ட மாடு அவருடைய பட்டியில் நின்றால் கதை வேறு.

‘பிளிம்ஸி எக்ஸ்கியூஸ்’ வந்தால் யோசிக்கவே வேண்டாம், ‘நொண்டிச்சாட்டு’ அச்சொட்டாகப் பொருந்தும். கதிரைக்கு ‘உறுதியற்ற’, துணிக்கு ‘நொய்தான’ என இடத்துக்கு ஏற்ப மாற்றுங்கள். ‘இத்துப்போன’ மட்டும் வேண்டாம். அது ஒருகாலத்தில் உறுதியாக இருந்து பழசானது. பிளிம்ஸி பெரும்பாலும் செய்யும்போதே வந்த குறை.

உச்சரிப்பில் அழுத்தம் முதல் அசையில். கடைசி ‘ஸி’, ஆங்கிலேயர் ‘பிஸி’ என்னும்போது வரும் அதிர்வொலி. நம்மில் பலர் அதைச் ‘சி’ ஆக்கிவிடுகிறோம். ஒப்பிடும்போது ‘பிளிம்ஸியர்’, ‘பிளிம்ஸியெஸ்ட்’. எழுத்தில் கடைசி ‘வை’ போய் ‘ஐ’ வரும். வினையடை ‘பிளிம்ஸிலி’.

கேள்வி: ‘பிரஜைல்’ (fragile) என்பதும் பிளிம்ஸியும் ஒன்றா? மெலிந்த ஆளைப் பிளிம்ஸி எனலாமா?
– வாசகர், மல்லாவி

பதில்: ஒன்றல்ல. பிரஜைல் எளிதில் உடையும், ஆனால் தரக்குறைவு என்ற பழி அதில் இல்லை. விலை உயர்ந்த பீங்கான் கோப்பையும் பிரஜைல்தான். பிளிம்ஸி என்றால் செய்தவரின் கைக்கும் சேர்த்துக் குறை விழும். ஆளுக்குப் பொதுவாகச் சொல்வதில்லை. ஒல்லியானவர் ‘தின்’ (thin), முதுமையில் தளர்ந்தவர் ‘பிரெயில்’ (frail). உடுப்பைப் பற்றிச் சொல்லும்போது சிலவேளை வெறுமனே மெல்லியது, பாரமற்றது என்ற அளவில் நிற்கும். என்றாலும் மணப்பெண்ணின் கூறையைப் புகழ இந்தச் சொல்லை எடுக்காதீர்கள். ‘டெலிக்கேற்’ என்றால் சண்டை வராது.

கேள்வி: இது பெயர்ச்சொல்லாகவும் வருமா?
– ஆசிரியர், புளியங்குளம்

பதில்: வரும். தட்டச்சில் கார்பன் தாளுக்கு அடியில் பிரதிக்காக வைக்கும் மெல்லிய தாளைப் பிளிம்ஸி என்பார்கள். இரண்டாம் உலகப்போரில் பிரித்தானியப் படை வட ஆபிரிக்கப் பாலைவனத்தில் பெற்றோல் கொண்டுபோன 4 கலன் தகர டின்னுக்கும் படையினரிடையே அதே பெயர். தகடு மெல்லிது, லொறி குலுங்கினால் பொருத்து விட்டு ஒழுகும். ஜேர்மனியரின் உறுதியான கானைப் பார்த்துச் செய்தவை வந்தபின்தான் அந்தத் தொல்லை தீர்ந்தது. ஜேர்மனியருக்குப் படையினர் வைத்த பட்டப்பெயர் ‘ஜெரி’. ‘ஜெரிகான்’ என்ற பெயர் அப்படி வந்தது.