300 எம்எம் ஸூமில் படம் ஆடுகிறது, கழுத்தும் வலிக்கிறது. கேமராவை எப்படிப் பிடிப்பது?

முதலில் உங்கள் இடது கையைக் கவனியுங்கள். பலரும் லென்ஸைப் பக்கவாட்டில் பிடிக்கிறார்கள். உள்ளங்கை மேலே பார்க்கும்படி லென்ஸுக்கு அடியில் கொடுத்துத் தாங்குங்கள். எடை அங்கேதான் இறங்க வேண்டும். வலது கை ஷட்டரை அழுத்தத்தான். முழங்கைகள் விலாவோடு ஒட்டியிருக்கட்டும். வியூஃபைண்டரை (கண் வைத்துப் பார்க்கும் துளை) புருவத்தோடு சேர்த்து வைத்தால் இன்னொரு பிடிமானம் கிடைக்கும். கையை நீட்டி, திரையைப் பார்த்து எடுப்பதை 300-ல் தயவுசெய்து விட்டுவிடுங்கள். மூச்சை மெல்ல விட்டபடியே, ஷட்டரைக் குத்தாமல் அழுத்துங்கள்.

பிடி சரியாக இருந்தும் மங்கினால் ஷட்டர் வேகத்தைப் பாருங்கள். படத்தைப் பதிவுசெய்யும் சென்சார் ஏபிஎஸ்-சி எனும் சிறிய அளவில் இருந்தால், 1/500 நொடி வேகத்துக்குக் கீழே இறங்காமல் இருப்பது நல்லது. ஆட்டத்தைக் குறைக்கும் ஸ்டெபிலைசர் இருந்தால் கொஞ்சம் இறங்கலாம்.

கழுத்து வலிக்கு, பட்டையைத் தோளின் குறுக்கே மாட்டிக்கொள்ளுங்கள். கேமரா இடுப்போரம் தொங்கும், நடக்கும்போது நெஞ்சில் இடிக்காது.