நோய்களையெல்லாம் குணமாக்கிவிட்டால் சனத்தொகை தாங்க முடியாத அளவுக்குப் பெருகிவிடாதா?

முதலில் கொஞ்சக் காலத்துக்குப் பெருகும். பிறகு பிறப்பு குறையும். என் சொந்த வீட்டிலேயே நடந்ததால் உறுதியாகச் சொல்கிறேன். நான் திருகோணமலை மாவட்டத்தில் குடும்பநல உத்தியோகத்தராக, சனம் கூப்பிடுகிறபடி சொன்னால் மிட்வைஃப் மிஸ்ஸியாக, வேலை செய்து ஓய்வு பெற்றவள்.

என் அம்மம்மா தம்பலகாமத்தில் 1936க்கும் 1956க்கும் இடையில் ஒன்பது பிள்ளை பெற்றார். முதல் ஆறில் நாலு தங்கவில்லை. பிள்ளை செத்துப்போச்சு என்று எங்கள் பக்கத்தில் வாய்விட்டுச் சொல்ல மாட்டார்கள், தங்கவில்லை என்பார்கள். இரண்டு காய்ச்சலில் போனது, ஒன்று வயிற்றோட்டத்தில், இன்னொன்று பிறந்த அன்றே. 1944ல் அம்மா பிறந்தபோது, இதுவாவது தங்கட்டும் என்று பக்கத்து வீட்டுக்காரியின் மடியில் போட்டுவிட்டு, ஒரு சுளகு தவிடு கொடுத்துத் திரும்ப வாங்கினார்களாம். இனி அது இந்த வீட்டில் பிறந்த பிள்ளை இல்லை, தவிட்டுக்கு வாங்கின பிள்ளை. எமனுக்குக் கணக்குத் தெரியாது. பிறப்புச் சான்றிதழில் அழகான பெயர் இருந்தும் அம்மம்மா கடைசிவரைக்கும் அம்மாவைப் 'பிச்சை' என்றுதான் கூப்பிட்டார்.

இரண்டு மூன்று வருடத்தில் மலேரியாக்காரர் வந்து வீட்டுச் சுவர்களுக்கு டி.டி.டி. என்ற நுளம்பு (கொசு) மருந்து அடித்தார்கள். அதற்குப் பிறகு பிறந்த மூன்றும் தங்கின.

நோய் போன பிறகும் அம்மம்மா ஏன் இன்னும் மூன்று பெற்றார்? நாலைப் பறிகொடுத்த ஒருத்தியிடம் போய் 'இனிப் பயமில்லை, நிறுத்து' என்று யார் சொல்வது? சொன்னாலும் அந்த மனம் நம்புமா? நோய் ஒரு வருடத்தில் போய்விடும். பயம் போக ஒரு தலைமுறை எடுக்கும். நீங்கள் கேட்கும் சனப்பெருக்கம் அந்த இடைவெளிக்குள்தான் நடக்கிறது.

இலங்கை முழுவதும் அப்படித்தான் நடந்தது. 1934-35 மலேரியாக் கொள்ளையில் ஏறக்குறைய 80,000 பேர் இறந்த நாடு இது. 1946ல் ஆயிரம் பேருக்கு 20 அளவில் இருந்த இறப்பு வீதம் அடுத்த வருடமே 14 அளவுக்கு இறங்கியது. பிறப்பு வீதமோ 40க்குக் கிட்ட அப்படியே நின்றது. அந்த வீழ்ச்சியில் டி.டி.டி.யின் பங்கு எவ்வளவு, ஆசுபத்திரிகளின் பங்கு எவ்வளவு, சாப்பாட்டின் பங்கு எவ்வளவு என்று ஆய்வாளர்கள் வெகுகாலம் வாதாடினார்கள். மலேரியா இல்லாத பகுதிகளிலும் இறப்பு குறைந்தது உண்மைதான். எப்படியோ, 'மருந்தால் சனம் பெருகி நாடு கெடப்போகிறது' என்பதற்கு உலகம் அப்போது காட்டிய உதாரணமே நாங்கள்தான். 1946ல் 66 இலட்சமாக இருந்த நாங்கள் 2024 கணக்கெடுப்பில் 2 கோடியே 17 இலட்சம். மூன்று மடங்குக்கு மேல். இதை நான் மறைக்கவில்லை.

ஆனால் கதையைப் பாதியில் நிறுத்தக் கூடாது. 1950களில் ஒரு பெண் சராசரியாக ஐந்து பிள்ளைக்கு மேல் பெற்றாள். இன்று இரண்டுக்கும் கீழே நிற்கிறது. அம்மம்மா ஒன்பது, அம்மா நாலு, நான் இரண்டு, என் மகள் இப்போதைக்கு ஒன்று. யாரும் எங்களை மிரட்டவில்லை. 1945ல் இலவசக் கல்வி வந்தது, பெண்பிள்ளைகள் பள்ளிக்கூடம் போனார்கள், கலியாண வயது தள்ளிப்போனது. கிராமத்துக்குக் கிராமம் மருத்துவிச்சி வந்தாள், தடுப்பூசி வந்தது. நோயை ஒழித்ததும் பிறப்பு தானாகக் குறைந்துவிடும் என்று நான் சொல்லவில்லை. பள்ளிக்கூடமும் கிளினிக்கும் கூட வரவேண்டும். ஆனால் பிள்ளை தங்கும் என்ற நம்பிக்கை இல்லாத வீட்டில் இவை எதுவுமே வேலை செய்யாது. இன்றைக்கும் பெண்கள் ஆகக்கூடுதலாகப் பிள்ளை பெறும் நாடுகளைப் பாருங்கள், நைஜர், சாட், சோமாலியா. சிறுபிள்ளைகள் ஆகக்கூடுதலாகச் சாகும் நாடுகளும் அவைதான்.

தொண்ணூறுகளில் எனக்கு மூதூர்ப் பக்கம் வேலை. அப்போது கிண்ணியாவில் பாலமில்லை, பாதையில் ஏறித்தான் ஆற்றைக் கடக்க வேண்டும். (எங்கள் ஊரில் மிதவையைப் பாதை என்போம்.) ஒரு தாய்க்கு இரண்டு பிள்ளை தங்கவில்லை, மூன்றாவது கையில் இருந்தது. குடும்பக் கட்டுப்பாடு பற்றி நான் பேச்செடுத்ததும் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். "மிஸ்ஸி, முதலில இது தங்குமா எண்டு சொல்லுங்கோ." எனக்குப் பதில் வரவில்லை. பிறகு அந்தப் பேச்சை நான் எடுக்கவே இல்லை. மாதாமாதம் பிள்ளையை நிறுத்தேன், ஊசி போட்டேன், திரிபோஷா என்ற சத்துமா கொடுத்தேன். காய்ச்சல் என்றால், மலேரியாவா என்று பார்க்க விரல் நுனியில் குத்திக் கண்ணாடித் துண்டில் இரத்தம் எடுத்து அனுப்பினேன். பிள்ளைக்கு மூன்று வயதான பிறகு ஒருநாள் அவளாகவே வந்தாள். கிளினிக் கொப்பியை மடியில் வைத்து, நிறைக் கோடு மேலே ஏறியிருந்த பக்கத்தை விரலால் தடவிக்கொண்டே, "லூப் போடலாமா மிஸ்ஸி" என்று கேட்டாள். (லூப் என்பது கருத்தடை வளையம்.) நான் சொல்லி நடந்தது என்று இதில் எதுவுமே இல்லை. அந்தக் கோட்டை நம்பினாள், அவ்வளவுதான்.

புற்றுநோய், இருதய நோய் எல்லாம் தீர்ந்தால் என்ன ஆகும் என்று கேட்பவர்களுக்கு ஒரு சின்னக் கணக்கு. அவை பெரும்பாலும் பிள்ளை பெறும் வயது கடந்தவர்களின் நோய்கள். சராசரியாக 75 வயது வாழ்ந்தவர்கள் 80 வரை வாழ்ந்தால், சனத்தொகை ஒரு தடவை பதினைந்தில் ஒரு பங்கு கூடி, அங்கேயே நின்றுவிடும். பெண்கள் இரண்டுக்குப் பதில் மூன்று பெற்றாலோ தலைமுறைக்குத் தலைமுறை ஒன்றரை மடங்காகும். சனத்தொகையைக் கூட்டுவதும் குறைப்பதும் தொட்டில்தான். அறுபது வயது அப்பா ஒருவர் பைபாஸ் செய்து பிழைத்ததால் பூமி நிரம்பிவிடாது.

காணிக்குத் தட்டுப்பாடு வராதா என்று என் ஊர்க்காரர் கேட்பார்கள், கேட்க அவர்களுக்கு நியாயமும் உண்டு. மலேரியா அடங்கியதால்தான் உலர் வலயத்தில் பெரிய குடியேற்றத் திட்டங்கள் நடக்க முடிந்தது. கந்தளாயும் அதில் ஒன்று. யாருக்குக் காணி கிடைத்தது, யாருக்குக் கிடைக்கவில்லை என்பது இன்னும் ஆறாத புண். ஆனால் அந்த முடிவு அரசாங்கம் காணி பங்கிடும் காணிக் கச்சேரியில் எடுக்கப்பட்டது, கொயினா என்ற மலேரியா மருந்துப் போத்தலுக்குள் அல்ல. காய்ச்சலோடு கிடந்தவன் அந்தக் காலத்திலும் சோறு தின்றான், வயலுக்குத்தான் போக முடியவில்லை.

இப்போது நிலைமை தலைகீழ். 2014ல் நாட்டில் மூன்றரை இலட்சம் அளவில் பிள்ளைகள் பிறந்தன, 2024ல் ஏறக்குறைய 2 இலட்சத்து 20 ஆயிரம். உள்ளூரில் தொற்றிய கடைசி மலேரியா 2012ல். 2016ல் உலக சுகாதார நிறுவனம் இலங்கையை மலேரியா அற்ற நாடென்று அறிவித்தது. உலக சனத்தொகையும் 1960களில் வருடத்துக்கு இரண்டு வீதத்துக்கு மேல் வளர்ந்தது, இன்று ஒரு வீதத்துக்கும் கீழே.

ஒன்று மட்டும் எனக்குத் தாங்க முடிவதில்லை. 'இயற்கை கொஞ்சப் பேரைக் கழிக்கத்தான் வேண்டும்' என்று இந்தக் கேள்வியின் கீழ் எழுதுபவர்கள் தங்கள் பிள்ளையை நினைத்து அதை எழுதுவதில்லை. எப்போதும் வேறொருத்தியின் பிள்ளைதான்.

வேலைக்குச் சேர்ந்த புதிதில், 1991ல், அம்மம்மாவை ஒருநாள் என்னோடு கிளினிக்குக் கூட்டிப்போனேன். மாமரக் கொப்பில் தராசைத் தொங்கவிட்டு ஒவ்வொரு பிள்ளையாக நிறுத்துக்கொண்டிருந்தேன். அவர் வாங்கில் இருந்து பார்த்துக்கொண்டே இருந்தார். எல்லாரும் போன பிறகு கேட்டார்: "இந்த மாசம் எத்தினை போச்சு?"

"ஒண்டும் போகேல்லை அம்மம்மா."

எனக்குக் கேள்வி விளங்கவில்லை என்று நினைத்தாரோ என்னவோ, கொஞ்சம் சத்தமாக, மெதுவாகத் திரும்பவும் கேட்டார்.