உருளும் பொருளுக்கு எந்த அச்சை எடுப்பது?

கேள்வி: உருளும் உருளைக்கு ஓரிடத்தில் நிறை மையத்தைப் பற்றியும், இன்னோரிடத்தில் தரையைத் தொடும் புள்ளியைப் பற்றியும் திருப்பு விசை (விசையின் சுழற்றும் விளைவு) எழுதுகிறார்கள். எது சரி?

இரண்டும் சரிதான். ஆனால் ஓர் அச்சைப் பிடித்தால் கணக்கு முடியும்வரை அதை விடக்கூடாது. மாணவர்கள் வழுக்குவது பெரும்பாலும் பாதியில் அச்சு மாறுவதால்தான்.

காரைக்குடி முனீஸ்வரன் கோவில் தெருவில் பழைய வீட்டுத் தேக்குத் தூண்கள் விற்கிறார்களே, அப்படி ஒன்றை எடுத்துக்கொள்வோம். அடி முதல் நுனி வரை ஒரே பருமன், 120 கிலோ, ஆரம் 0.15 மீட்டர். லாரியில் சாய்த்த பலகை வழியே, 30 டிகிரி சரிவில், நழுவாமல் உருண்டு இறங்குகிறது. சரிவு வழியே எடையின் கூறு 120 × 9.8 × 0.5 = 588 நியூட்டன்.

முதலில் தொடுபுள்ளி. உராய்வும் பலகையின் செங்குத்து விசையும் அதன் வழியே போவதால் அவற்றின் திருப்பு விசை பூஜ்ஜியம். மிஞ்சுவது 588 × 0.15 = 88.2. இணை அச்சுத் தேற்றப்படி நிலைமத் திருப்புத்திறன் (சுழற்சி மாறுவதைப் பொருள் எதிர்க்கும் அளவு) 1.5 × 120 × 0.15² = 4.05. திருப்பு விசையை இதனால் வகுத்தால் கோண முடுக்கம் 21.8, ஆரத்தால் பெருக்கினால் முடுக்கம் 3.27 மீ/வி². ஒரே வரியில் வேலை முடிந்தது.

நிறை மையத்தைப் பற்றி என்றால் எடைக்குத் திருப்பு விசை இல்லை, உராய்வுக்கு மட்டுமே உண்டு. நிலைமத் திருப்புத்திறன் இப்போது 1.35. உராய்வு தெரியாத எண் என்பதால் நேர்கோட்டு இயக்கச் சமன்பாட்டையும் சேர்த்துத் தீர்க்க வேண்டும். முடுக்கம் அதே 3.27, கூடவே உராய்வு 196 நியூட்டன் என்றும் கிடைக்கிறது. நழுவாமல் இருக்க உராய்வுக் குணகம் குறைந்தது 0.19 வேண்டும் என்பது இதிலிருந்துதான் வரும். உராய்வைக் கேட்டால் இந்த வழியே நேர்வழி.

இனி அந்தப் பிரபலமான தவறு: தொடுபுள்ளியின் 88.2-ஐ நிறை மையத்தின் 1.35-ஆல் வகுப்பது. முடுக்கம் 9.8 என்று வரும். சரிவில் உருளும் தூண், கையிலிருந்து நழுவிய கல்லின் முடுக்கத்தோடு இறங்குமா? விடையைப் பார்த்ததுமே சந்தேகம் வர வேண்டும்.

தொடுபுள்ளி எல்லா இடத்திலும் கைகொடுக்காது. தரையைத் தொடும் மரத்துகளின் வேகம் அந்தக் கணத்தில் பூஜ்ஜியம், முடுக்கம் பூஜ்ஜியமல்ல; அது வட்டத்தின் மையத்தை நோக்கி இருக்கும். அந்தக் கோட்டில் நிறை மையமும் இருந்தால் மேலே போட்ட எளிய சமன்பாடு செல்லும். முழுத் தூணில் இருக்கிறது. அதே தூணை நெடுக்கில் பிளந்து, வளைந்த பக்கம் தரையில் பட ஆடவிட்டால், நிறை மையம் வட்ட மையத்திலிருந்து சுமார் 6.4 செ.மீ. தள்ளி இருக்கும். விட்ட கணத்தில் சமன்பாடு சரியாக வரும். வேகம் பிடித்தபின் ஓர் உறுப்பு விடுபட்டுப் போகும். அங்கே நிறை மையத்துக்கே வந்துவிடுங்கள்.

நழுவும்போது தொடுபுள்ளி கணநேர அச்சே (அந்தக் கணத்தில் அசையாமல் நிற்கும் அச்சு) அல்ல. அதற்குப் பதில் தரையில் நிலையாக உள்ள ஒரு புள்ளியை, தூண் போகும் கோட்டிலேயே எடுங்கள். உராய்வு அந்தக் கோட்டின் வழியே செல்வதால் அந்தப் புள்ளியைப் பற்றிய கோண உந்தம் (சுழற்சிக்குரிய உந்தம்) மாறாது. சுழற்சியே இல்லாமல் 3 மீ/வி வேகத்தில் தூணைச் சமதரையில் சறுக்கிவிட்டால், 2 மீ/வி வரும்போது தூய உருளல் (நழுவாத உருளல்) தொடங்கும். வழவழப்பான ஆத்தங்குடிக் கல்லானாலும் சொரசொரப்பான தரையானாலும் இந்த மூன்றில் இரண்டு பங்கு மாறாது. அதை எட்டப் பிடிக்கும் நேரமும் தூரமும்தான் மாறும். கணக்கில் உராய்வுக் குணகம் நுழையவே இல்லை என்பது எனக்கு மிகவும் பிடித்த விஷயம்.

நூல் சுற்றிய உருளையை நூலைப் பிடித்து இழுத்தால் அது எந்தப் பக்கம் போகும் என்ற கேள்விக்கும் தொடுபுள்ளிதான் சிறந்தது. நூல் சுற்றிய பகுதியின் ஆரம் 2 செ.மீ., விளிம்பின் ஆரம் 4 செ.மீ. என்றால், அடிப்பக்கமாக வரும் நூலை 60 டிகிரியில் இழுக்கும்போது அதன் கோடு தொடுபுள்ளி வழியே போகும். அதைவிடத் தாழ்வாக, மெல்ல இழுத்தால் உருளை உங்களை நோக்கி வரும். செங்குத்தாக இழுத்தால் விலகி ஓடும்.