பனிச்சாலைக்கு 4x4 அவசியமா?

கேள்வி: டெல்லியில் வசிக்கிறோம். ஜனவரியில் மணாலியிலிருந்து அடல் சுரங்கம் வழியாக சிஸ்ஸு போகத் திட்டம். எங்களுடையது முன்சக்கர இழுவைக் கார். 4x4 வண்டி (நான்கு சக்கரங்களுக்கும் இழுவை உள்ளது) எடுத்தால்தான் பாதுகாப்பா?

பதில்: டயரை முதலில் கவனியுங்கள். 4x4 இருந்தால் வண்டி பனியில் எளிதாகக் கிளம்பும், மேடேறும். ஆனால் இறக்கத்தில் நிற்பதற்கு அது உதவாது. அங்கே பிடிப்பைத் தருவது ரப்பர்தான். சாதாரண டயரின் ரப்பர் சுமார் 7 டிகிரி செல்சியஸுக்குக் கீழே இறுகத் தொடங்கும். குளிர்கால டயர் அப்போதும் இளக்கமாகவே இருக்கும். அதன் பக்கவாட்டில் மூன்று சிகரங்களுக்குள் பனித்துகள் முத்திரை இருக்கும். வெறும் ‘எம்+எஸ்’ (சேறு, பனி என்பதன் ஆங்கிலச் சுருக்கம்) எழுத்தை நம்பி வாங்காதீர்கள்.

நம் ஊர்க் கடைகளில் அந்த டயர் எளிதில் கிடைக்காது. ஆகவே டயரைச் சுற்றி மாட்டும் பனிச் சங்கிலியை, டயர் அளவுக்குச் சரியானதாக வாங்கி, உங்கள் காருக்கு முன்சக்கரங்களில் மாட்டுங்கள். வீட்டிலேயே ஒருமுறை மாட்டிப் பழகுவது நல்லது. கை விறைக்கும் குளிரில் கொக்கி மாட்டுவது பெரும்பாடு. சிறிது தூரம் ஓட்டியதும் நிறுத்தி மறுபடி இறுக்குங்கள். தளர்ந்த சங்கிலி பிரேக் குழாயையே சிதைத்துவிடும். வேகம் 40 கி.மீ.க்குள் இருக்கட்டும்.

சுரங்கத்துக்குள் சுமார் 9 கி.மீ. பனியே இருக்காது, அதற்கு முன் சங்கிலியைக் கழற்றுங்கள். வெளியேறும் இடத்தில் கண்ணுக்குத் தெரியாத உறைபனி இருக்கலாம். முன்கூட்டியே இரண்டாம் கியருக்கு வந்துவிடுங்கள், பிரேக்கை அழுத்தி மிதிக்காதீர்கள். பனிப்பொழிவின்போது போலீசார் 4x4 அல்லது சங்கிலி மாட்டிய வண்டிகளை மட்டுமே விடுவதுண்டு. கிளம்பும் காலையில் விசாரித்துக்கொள்ளுங்கள்.